குறைந்த பட்ஜெட் கேமிங் பிசி: இந்த லிஸ்ட்ல எதை மாத்தணும்?

புதுக்குருவி | பதிவு 1

வணக்கம். 1080பி-யில் விளையாட ஒரு பிசி அசெம்பிள் பண்ணப் போறேன். பெரும்பாலும் ஆன்லைன் ஷூட்டர், கூடவே வருஷத்துக்கு ரெண்டு மூணு பெரிய சிங்கிள் பிளேயர் கேம். ஸ்ட்ரீமிங் கிடையாது, எப்பவாவது ஒரு கிளிப் ரெக்கார்ட் பண்ணுவேன். 1080பி 144 ஹெர்ட்ஸ் மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாம் இருக்கு. அதனால பட்ஜெட் முழுக்க பெட்டிக்குள்ள போறதுக்குத்தான்.

இப்போதைக்குப் போட்டு வெச்சிருக்கிற லிஸ்ட்:

ப்ராசஸர்: ரைசன் 5 5500
கூலர்: 240 மிமீ லிக்விட் கூலர்
மதர்போர்டு: பி450, மைக்ரோ ஏடிஎக்ஸ்
ரேம்: 16 ஜிபி டிடிஆர்4 3200, ஒரே ஸ்டிக்
கிராபிக்ஸ் கார்டு: ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி 4 ஜிபி
ஸ்டோரேஜ்: 256 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, 1 டிபி ஹார்ட் டிஸ்க்
பவர் சப்ளை: 500 வாட், கேபினட்டோட வர்றது
கேபினட்: முன்பக்கம் கண்ணாடி, நாலு ஆர்ஜிபி ஃபேன்

எங்கேயாவது தப்பு பண்றேனா?

திருப்புளி | பதிவு 2

முதல்ல லிக்விட் கூலரைத் தூக்குங்க. 5500 ஒரு 65 வாட் சிப். பெட்டிக்குள்ளயே ரெய்த் ஸ்டெல்த்னு ஒரு கூலர் தர்றாங்க. கொஞ்சம் சத்தம் போடும், ஆனா வேலைக்குப் போதும். சத்தம் பிடிக்கலைன்னா 120 மிமீ ஃபேன் வெச்ச சாதாரண டவர் கூலர் பின்னாடி போட்டுக்கலாம். லிக்விட் கூலருக்கு ஒதுக்கின காசு கிராபிக்ஸ் கார்டுல ஒரு படி ஏத்திடும்.

அடுத்தது கேபினட். முன்னாடி கண்ணாடி, அதுக்குப் பின்னாடி ஃபேன்னா, அந்த ஃபேன் எதை இழுக்கும்? பக்கவாட்டுல இருக்கிற விரல் அகல இடுக்கு வழியா வர்ற காத்தைத்தான். முன்பக்கம் வலை போட்ட கேபினட் பாருங்க. முன்னாடி ரெண்டு ஃபேன் உள்ளே இழுக்க, பின்னாடி ஒண்ணு வெளியே தள்ள. இந்த அளவு சூட்டுக்கு மூணே போதும்.

காசை எப்படிப் பிரிக்கலாம்னா, மொத்தத்தை 100 பங்குன்னு வெச்சுக்குங்க. கார்டுக்கு 40 முதல் 45, ப்ராசஸருக்கு 15 முதல் 18, போர்டுக்கு 12 சுமார், மிச்சத்தை ரேம், எஸ்எஸ்டி, பவர் சப்ளை மூணும் கிட்டத்தட்ட சமமா பங்கு போட்டுக்கும், கடைசியா கேபினட். ரேம், எஸ்எஸ்டி விலை எகிறியிருக்கிற நேரத்துல இந்தக் கணக்கு குலையும். அப்போ வெட்டு கேபினட்ல விழணும், பவர் சப்ளையில கை வைக்காதீங்க.

சில்வண்டு | பதிவு 3

கூலரை விடுங்க, இந்த லிஸ்ட்ல அதைவிடப் பெரிய சிக்கல் ஒண்ணு இருக்கு. ப்ராசஸர், போர்டு, கார்டு மூணும் தனித்தனியா பார்த்தா சுமார்தான். சேர்த்து வெச்சா ஒண்ணை ஒண்ணு கெடுக்குது.

ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-யில போர்டுல சொருகுற முனை முழு நீளத்துக்கு இருக்கும். ஆனா உள்ளே இணைப்பு 4 லேன் (தரவு போற தடம்) மட்டும்தான். கார்டையும் போர்டையும் இணைக்கிற பிசிஐஇ 4.0-ல ஒரு லேனுக்கு நொடிக்கு ஏறக்குறைய 2 ஜிபி, 3.0-ல அதுல பாதி. 4.0 போர்டுல இந்தக் கார்டுக்கு 8 ஜிபி பாதை கிடைக்கும். 3.0 போர்டுல போட்டா 4 ஜிபி-க்குச் சுருங்கிடும். பி450 என்பது 3.0. சரி, பி550 போர்டு வாங்கித் தப்பிக்கலாமான்னா, 5500 சிப்பே 3.0 மட்டும்தான் தரும். ஆக எந்தப் போர்டு போட்டாலும் பாதிப் பாதைதான்.

இது ஏன் உறுத்துதுன்னா, கார்டுல மெமரி வெறும் 4 ஜிபி. இன்றைய கேம் 1080பி மீடியம் டெக்ஸ்சர்லயே (சுவர், தரை மேல ஒட்டுற படங்கள்) அதை நிரப்பிடும். நிரம்பினதும் மிச்ச டெக்ஸ்சரை சிஸ்டம் ரேம்ல வெச்சு, அந்தப் பாதை வழியாத்தான் இழுத்தாகணும். கார்டோட சொந்த மெமரி நொடிக்கு 144 ஜிபி ஓடுற இடத்துல, திடீர்னு 4 ஜிபி பாதையில காத்து நிக்கும். திரையில அது தெரியறது சராசரி எஃப்பிஎஸ்ல (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) இல்ல. கதவைத் திறக்கும்போது, வண்டியில வேகமா போகும்போது அரை நொடி திக்கி நிக்கும், அதுதான்.

இன்னொண்ணு, கிளிப் ரெக்கார்ட் பண்ணுவேன்னு சொல்லியிருக்கீங்க. 6500 எக்ஸ்டி-யில வீடியோ என்கோடரே (வீடியோவைச் சுருக்கிப் பதியுற பகுதி) கிடையாது. ரெக்கார்டிங் முழுச் சுமையும் ப்ராசஸர் தலையில விழும்.

புதுக்குருவி | பதிவு 4

இவ்வளவு இருக்கா! 5500-க்கும் 5600-க்கும் வேகம் கொஞ்சம் கூடக்குறைய, அவ்வளவுதான்னு நினைச்சேன். பேர் ஒரே மாதிரிதானே இருக்கு?

சில்வண்டு | பதிவு 5

பேர்தான் ஒரே மாதிரி. 5600-ல எல்3 கேஷ் (சிப்புக்குள்ளயே இருக்கிற வேக மெமரி) 32 எம்பி, பிசிஐஇ 4.0. 5500-ல 16 எம்பி, 3.0. ஏன்னா 5500 என்பது 5600ஜி-யோட சிப்புல உள் கிராபிக்ஸை அணைச்சு விக்கிறது. ரெண்டும் 6 கோர், 12 த்ரெட். கடிகார வேகம் 4.4-க்கும் 4.2-க்கும் உள்ள வித்தியாசம்தான். அட்டையில பார்த்தா ஒண்ணும் தெரியாது.

கேஷ் பாதியானா எங்க அடி விழும்? சரியா உங்க உபயோகத்துலதான். ஆன்லைன் ஷூட்டரை லோ செட்டிங்ல 144 எஃப்பிஎஸ்-க்கு ஓட்டும்போது கார்டு சும்மா இருக்கும், ப்ராசஸர்தான் ஒவ்வொரு ஃபிரேமையும் 6.9 மில்லிசெகண்டுக்குள்ள முடிச்சுக் கொடுத்தாகணும். தேடுற தரவு கேஷ்ல இல்லைன்னா ரேம் வரைக்கும் போய் வரணும். அதனால 5600 எடுங்க. விலை வித்தியாசம் ரொம்ப அதிகம்னா மட்டும் 5500, அதுவும் கீழே சொல்லப்போற 8 லேன் கார்டோட.

5600 வாங்கினா போர்டு பி550 நல்லது. பி450 ரொம்ப மலிவா கிடைச்சா அதுவும் ஓடும், ஆனா ரெண்டு விஷயம். 5600 வந்தது 2022 ஏப்ரல்ல. அதுக்கு முன்னாடி பெட்டியில அடைச்ச போர்டா இருந்தா பயாஸ் (போர்டோட அடிப்படை மென்பொருள்) அப்டேட் பண்ணாம திரை வராமப் போகலாம். பழைய ப்ராசஸர் இல்லாமலே பென் டிரைவ் சொருகி அப்டேட் பண்ற ஃபிளாஷ்பேக் பட்டன் இருக்கிற போர்டா பாருங்க. இல்லைன்னா விக்கிறவங்களையே அப்டேட் பண்ணித் தரச் சொல்லுங்க. ரெண்டாவது, கார்டு 3.0-லதான் ஓடும்.

நொடிக்கு144 | பதிவு 6

எல்லாரும் இன்னும் 5600 உக்கார்ற ஏஎம்4-லயே நிக்கிறீங்களே. அது செத்த சாக்கெட். ரைசன் 5 7500எஃப், ஒரு சுமாரான பி650 இல்ல ஏ620 போர்டு, டிடிஆர்5 6000-ன்னு போனா நாளைக்கு ப்ராசஸரை மட்டும் மாத்திக்கலாம். அது உக்கார்ற ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027-ம் அதுக்கு மேலயும் ஆதரவு உண்டுன்னு ஏஎம்டி-யே சொல்லியிருக்கு.

திருப்புளி | பதிவு 7

மறுக்கலை. ஆனா அந்த வித்தியாசக் காசு எங்கிருந்து வரும்? போர்டும் டிடிஆர்5-ம் சேர்ந்து விழுங்குற காசு கார்டுலதான் குறையும். நான் சொல்ற அளவுகோல் ஒண்ணுதான்: ஏஎம்5-க்குப் போனதால கார்டு ஒரு படி இறங்குதுன்னா ஏஎம்4-லயே இருங்க. கார்டு அதே இடத்துல நின்னா தாராளமா ஏஎம்5 போங்க. பெரிய கேம்ல ஃபிரேம் தர்றது கார்டு. மூணு வருஷம் கழிச்சு வாங்கப்போற ப்ராசஸர் இன்னைக்கு ஒரு ஃபிரேமும் தராது.

ஏஎம்4-க்கும் மேலே படி இல்லாம இல்ல. 96 எம்பி கேஷோட வர்ற 5700எக்ஸ்3டி எங்கயாவது நல்ல விலைக்குக் கிடைச்சா அதே போர்டுல உக்காரும்.

சில்வண்டு | பதிவு 8

ஏஎம்5 போறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. 7500எஃப் பக்கத்துலயே மலிவா 8400எஃப்-னு ஒண்ணு இருக்கும். எண் பெருசுன்னு எடுத்துடாதீங்க. அது லேப்டாப் சிப் வழி வந்தது: கேஷ் 16 எம்பி, கார்டுக்கு 8 லேன் மட்டும். 8500ஜி இன்னும் மோசம், கார்டுக்கு 4 லேன்தான். 5500 கதையேதான், சாக்கெட் மட்டும் புதுசு.

டிடிஆர்5 போர்டு முதல் தடவை ஆன் பண்ணினதும் மெமரியைப் பழக்கிக்க சில நிமிஷம் எடுக்கும். திரை கறுப்பா இருக்கும், ஃபேன் சுத்தும். அந்த நேரத்துல பதறி ஆஃப் பண்றவங்கதான் ‘போர்டு செத்துப் போச்சு’ன்னு கடைக்குத் திருப்பி எடுத்துட்டுப் போறவங்க. பத்து நிமிஷம் கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க.

இன்டெல் பக்கம்னா ஐ5-12400எஃப் நல்ல தேர்வு. ஐ3-12100எஃப் நாலே கோர். ஷூட்டருக்கு ஓடிடும், கூட்டமான பெரிய கேம்ல திணறும். எச்610 போர்டுல ரேமை ஓவர்கிளாக் பண்ண முடியாது, டிடிஆர்4 3200 தாண்டாது. பி660, பி760-ல அந்தக் கட்டு இல்ல. 13, 14-ம் தலைமுறையில வந்த வோல்டேஜ் கோளாறு 12-ம் தலைமுறைக்குக் கிடையாது, அந்தப் பயம் வேண்டாம்.

மின்னோட்டம் | பதிவு 9

பவர் சப்ளையைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. “கேபினட்டோடு வருவது” என்ற வரிதான் அந்த லிஸ்ட்டிலேயே ஆபத்தான வரி. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுகிற வேலை.

பெட்டியின் மேல் எழுதியிருக்கும் 500 என்ற எண்ணைப் பார்க்க வேண்டாம். யூனிட்டின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பாருங்கள். அதில் +12வி என்ற கட்டத்துக்குக் கீழே ஆம்பியர் எழுதியிருக்கும். அந்த எண்ணை 12-ஆல் பெருக்குங்கள். ஒழுங்கான 550 வாட் யூனிட்டில் 45 ஆம்பியர் இருக்கும். 540 வாட் வருகிறது. மலிவு யூனிட்டில் 28 ஆம்பியர் என்று இருந்தால் 336 வாட்தான். மீதி எங்கே போனது? 3.3, 5 வோல்ட் தடங்களில் காட்டிக் கூட்டிவிட்டார்கள். ப்ராசஸரும் கார்டும் தின்பது முழுக்க 12 வோல்ட். மற்ற தடங்களில் எவ்வளவு இருந்தாலும் கேமுக்குப் பயனில்லை. +12வி1, +12வி2 என்று இரண்டு கட்டம் இருந்தால் இரண்டையும் கூட்டாதீர்கள்; அவற்றுக்குக் கீழே கூட்டு வாட் என்று தனியாக எழுதியிருக்கும் எண்தான் கணக்கு.

உங்கள் தேவை அதிகமில்லை. 5600 முழுச் சுமையில் 80 வாட்டுக்குள், ஆர்எக்ஸ் 6600 மாதிரி ஒரு கார்டு 132 வாட், போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் சேர்ந்து ஒரு 50. கூட்டினால் 260 சுமார். பிறகு ஏன் 550? கார்டு ஒரே அளவாக இழுப்பதில்லை. மில்லிசெகண்டு கணக்கில் திடீரென்று எகிறி இறங்கும். அந்த எகிறலைத் தாங்காத யூனிட் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். “டெஸ்க்டாப்பில் நன்றாக இருக்கிறது, கேம் திறந்தால் பட்டென்று ரீஸ்டார்ட் ஆகிறது” என்று வரும் புகாரில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

80 ப்ளஸ் ப்ரான்ஸ் என்பது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான சான்று மட்டுமே. தரச் சான்று அல்ல. அளவுக்கு மீறிய மின்னோட்டம், வோல்டேஜ், வெப்பம், ஷார்ட் சர்க்யூட் ஆகியவற்றுக்கான பாதுகாப்பு இருக்கிறதா, உத்தரவாதம் ஐந்து ஆண்டாவது உண்டா என்று பாருங்கள்.

கேபிளில் நடக்கும் இரண்டு தவறுகள். ப்ராசஸருக்கான 8 பின் 4+4 ஆகப் பிரியும். கார்டுக்கான 8 பின் 6+2 ஆகப் பிரியும். இரண்டின் மின்துருவ அமைப்பும் வேறு. உள்ளே போகவில்லை என்று அழுத்தித் திணிக்காதீர்கள். மாடுலர் யூனிட் (கேபிளைத் தனியே கழற்றக்கூடியது) என்றால் பழைய யூனிட்டின் கேபிளைப் புதியதில் செருகவே கூடாது. கம்பெனி ஒன்றாக இருந்தாலும் பின் வரிசை மாறியிருக்கலாம். எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க் புகைந்து போவது பெரும்பாலும் இப்படித்தான்.

புதுக்குருவி | பதிவு 10

அந்த அட்டவணையை இப்பத்தான் பார்த்தேன். கேபினட்டோட வர்ற யூனிட்ல +12வி 26 ஆம்பியர்னு போட்டிருக்கு. 312 வாட்! சரி, அது போகட்டும். கார்டு எது எடுக்கலாம்?

சில்வண்டு | பதிவு 11

தரைமட்டம் ஆர்எக்ஸ் 6600. 8 ஜிபி, மெமரி பாதை அகலம் 128 பிட், 8 லேன், ஒரே ஒரு 8 பின் கேபிள். அதுக்குக் கீழே புதுசா எதுவும் வாங்காதீங்க. 3.0 போர்டுல போட்டாலும் 8 ஜிபி பாதை இருக்கும், கார்டு மெமரி நிரம்பாத வரை வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

அதுக்கு மேலே ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்எக்ஸ் 7600, புதுசுல ஆர்டிஎக்ஸ் 5060. மூணும் 8 ஜிபி. இன்னும் கொஞ்சம் ஏற முடிஞ்சா ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி. அது 16 லேன் கார்டு, பழைய 3.0 போர்டுலயும் 16 ஜிபி பாதை கிடைக்கும். அதே பேர்ல 8 ஜிபி-யும் விக்கிறாங்க, பில் போடுறதுக்கு முன்னாடி அட்டையைத் திருப்பிப் பாருங்க.

ஒரே பேர்ல ரெண்டு கார்டு விக்கிற பழக்கம் புதுசு இல்ல. ஆர்டிஎக்ஸ் 3050-ல 8 ஜிபி-ன்னா 128 பிட், 2560 கோர், 130 வாட். 6 ஜிபி-ன்னா 96 பிட், 2304 கோர், 70 வாட். குறையறது மெமரி மட்டும் இல்ல, கார்டே வேற. ஆர்டிஎக்ஸ் 3060-ல 12 ஜிபி 192 பிட், 8 ஜிபி 128 பிட். பழைய சந்தையில ஆர்எக்ஸ் 580 தேடினா ‘2048எஸ்பி’ன்னு ஒரு வால் ஒட்டியிருக்கும், 580-க்கு 2304 இருக்கணும், 2048-ன்னா அது 570-தான்.

இன்டெல் ஆர்க் பி580 12 ஜிபி கவர்ச்சியா தெரியும். நல்ல கார்டுதான். ஆனா ரீசைஸபிள் பார் (கார்டு மெமரி முழுசையும் ப்ராசஸர் ஒரேயடியா அணுக விடுற பயாஸ் வசதி) ஆன்ல இல்லைன்னா படுத்துடும். அதோட டிரைவர் ப்ராசஸரைக் கூடுதலா வேலை வாங்கும். நீங்க ஷூட்டர்ல ப்ராசஸர் எல்லையில ஓட்டப் போறவர். 5600-ஓட அதைச் சேர்க்கச் சொல்ல மாட்டேன்.

நொடிக்கு144 | பதிவு 12

8 ஜிபி இன்னைக்குப் போதுமா? அதைச் சொல்லுங்க முதல்ல.

சில்வண்டு | பதிவு 13

1080பி-க்கு, டெக்ஸ்சரை அல்ட்ராவிலிருந்து ஹைக்கு இறக்க மனசு இருந்தா, போதும். அல்ட்ரா, ரே டிரேசிங் (ஒளி போற வழியைக் கணக்கிடுறது), ஃபிரேம் ஜெனரேஷன் (நடுவுல கூடுதல் ஃபிரேம் உருவாக்குறது) மூணையும் ஒண்ணா ஆன் பண்ணினா போதாது. ஃபிரேம் ஜெனரேஷனே தனியா மெமரி கேக்கும், இதைப் பலர் கணக்குல சேக்கறதில்ல. ஒண்ணு தெரிஞ்சுக்குங்க: மெமரி பத்தலைன்னா எல்லா கேமும் திணறாது. சிலது சத்தமில்லாம டெக்ஸ்சரை மங்கலாக்கிடும். எஃப்பிஎஸ் எண் அழகா இருக்கும், சுவரெல்லாம் களிமண் மாதிரி இருக்கும்.

பழையஇரும்பு | பதிவு 14

செகண்ட் ஹேண்ட் பத்தி யாரும் வாய் திறக்கலையே. இந்த பட்ஜெட்டுக்குக் கார்டை மட்டும் பழசா எடுத்தா ஒரு படி மேல கிடைக்கும். ப்ராசஸரும் பழசு எடுக்கலாம், லேசுல சாகாது. பவர் சப்ளை, எஸ்எஸ்டி ரெண்டும் பழசு வேண்டவே வேண்டாம்.

பழைய கார்டு எதுவரைக்கும் போகலாம்? ஜிடிஎக்ஸ் 10 வரிசையைத் தொடாதீங்க. அதுக்குக் கேம் டிரைவரை என்விடியா 2025 அக்டோபரோட நிறுத்திடுச்சு, இனி பாதுகாப்புத் திருத்தம் மட்டும்தான். ஜிடிஎக்ஸ் 16 வரிசைக்கும் ஆர்எக்ஸ் 5000 வரிசைக்கும் வேற குறை. ரே டிரேசிங் வன்பொருள் இல்ல. அது இல்லாம தொடங்கவே மாட்டேன்னு சொல்ற பெரிய கேம் 2024 கடைசியிலிருந்து வர ஆரம்பிச்சாச்சு. அதனால ஆர்டிஎக்ஸ் 2060-லேர்ந்து மேல, இல்ல ஆர்எக்ஸ் 6600-லேர்ந்து மேல.

விக்கிறவர் எதிர்ல உக்காந்து செய்ய வேண்டியது: ஜிபியூ-இசட் (கார்டு விவரம் காட்டுற மென்பொருள்) திறந்து கோர் எண்ணிக்கை, மெமரி அளவு, பிட் அகலம் மூணும் அந்த மாடலுக்கு உரியதுதானான்னு பாருங்க. பேரை மட்டும் நம்பாதீங்க, பயாஸை மாத்தி எழுதிப் பேரை மாத்த முடியும். அப்புறம் ஓசிசிடி-ங்கிற சோதனை மென்பொருள்ல கார்டு மெமரி சோதனை, பிழை ஒண்ணு வந்தாலும் எழுந்து வந்துடுங்க. அடுத்து அரை மணி நேரம் முழுச் சுமை. சராசரிச் சூட்டுக்கும் ஹாட்ஸ்பாட் (சிப்புல அதிகம் சுடுற இடம்) சூட்டுக்கும் நடுவுல 25, 30 டிகிரிக்கு மேல இடைவெளி வந்தா பேஸ்ட் காஞ்சு போச்சு. அது குற்றம் இல்ல, புதுப் பேஸ்ட் போட்டா சரியாகும், ஆனா விலையைக் குறைக்கக் காரணம் கிடைச்சாச்சு. ஃபேனைக் கையால மெதுவா சுத்தி விடுங்க. உரசல் கேட்டா பேரிங் போயிடுச்சு. டிஸ்ப்ளே போர்ட், எச்டிஎம்ஐ எல்லாத்துலயும் ஒவ்வொண்ணா கேபிள் மாத்திப் பாருங்க, இதை யாரும் செய்யறதில்ல.

‘மைனிங்ல ஓடின கார்டா’ன்னு கேக்காதீங்க. யாரும் ஆமான்னு சொல்ல மாட்டாங்க. சோதனை பாஸானா எங்க ஓடினா என்ன?

பழைய ஆபீஸ் டெஸ்க்டாப்பை வாங்கிக் கார்டு சொருகலாம்னு நினைப்பு வந்தா, ஒல்லி மாடலா இருக்கக் கூடாது. அதுல பவர் சப்ளை கம்பெனியோட சொந்த வடிவம், கார்டுக்கு கேபிளே இருக்காது, ஸ்லாட் தர்ற 75 வாட்தான் வழி.

மின்னோட்டம் | பதிவு 15

அப்படிக் கேபிள் இல்லாத யூனிட்டில், ஹார்ட் டிஸ்க்குக்கான சாட்டா இணைப்பிலிருந்து 8 பின் எடுக்கும் மாற்றி விற்கிறார்கள். சாட்டா பவர் இணைப்பின் 12 வோல்ட் பின்கள் தாங்குவது சுமார் 54 வாட். அதிலிருந்து 150 வாட் இழுத்தால் பிளாஸ்டிக் உருகும். வாங்க வேண்டாம்.

திருப்புளி | பதிவு 16

ரேமுக்கு வருவோம். ஒரே 16 ஜிபி ஸ்டிக்கைத் தூக்கிட்டு ரெண்டு 8 ஜிபி போடுங்க. டிடிஆர்4 3200-ல ஒரு சேனலுக்கு நொடிக்கு 25.6 ஜிபி, ரெண்டு சேனல்ல 51.2. ஒரே ஸ்டிக்னா பாதி வழி அடைபட்டுக் கிடக்கும். ‘பிறகு இன்னொண்ணு சேத்துக்கறேன்’னு சொல்றவங்க உண்டு. பிறகு அதே சிப் வெச்ச ஸ்டிக் கிடைக்காது. கலந்து போட்டா எக்ஸ்எம்பி (ரேமை லேபிள்ல போட்ட வேகத்துல ஓட்டுற செட்டிங்) நிலைக்காம 2666-க்கு இறக்கி ஓட்டுற நிலைமை வரும். பட்ஜெட் இடம் கொடுத்தா ரெண்டு 16, பெரிய கேமுக்குப் பின்னாடி பிரவுசரும் குரல் அரட்டையும் ஓடுறவங்களுக்கு 16 ஜிபி இப்பவே இறுக்கம்தான்.

3200-ன்னு எழுதியிருக்கிற எல்லாம் ஒண்ணு இல்ல. லேபிள்ல சிஎல் எண்ணைப் பாருங்க. சிஎல்-ஐ 2000-ஆல பெருக்கி வேகத்தால வகுத்தா தாமதம் நானோசெகண்ட்ல வரும். 3200 சிஎல்16-ன்னா 10. 3200 சிஎல்22-ன்னா 13.75. 3600 சிஎல்18 திரும்ப 10. டிடிஆர்5-ல 6000 சிஎல்30-ம் அதே 10, 5600 சிஎல்46 16-ஐத் தாண்டும்.

இன்னும் ஒரு படி கிட்டப் போய்ப் பார்க்கணும்னா, ஹீட் ஸ்ப்ரெடர் இல்லாத 8 ஜிபி டிடிஆர்4 ஸ்டிக்ல கறுப்புச் சிப்பை எண்ணுங்க. எட்டு இருந்தா நல்லது. நாலே நாலு இருந்தா அது எக்ஸ்16 வகை. உள்ளே பேங்க் குரூப் (சிப்புக்குள்ள மெமரியைப் பிரிச்சு வெச்ச பகுதி) நாலுக்குப் பதிலா ரெண்டுதான், அதே வேகம், அதே சிஎல் இருந்தும் கொஞ்சம் பின்தங்கும். லேபிள்ல 1ஆர்எக்ஸ்8, 1ஆர்எக்ஸ்16-ன்னு போட்டிருப்பாங்க, முதலாவதை எடுங்க.

ஸ்டோரேஜ்ல 256-ம் ஹார்ட் டிஸ்க்கும் வேண்டாம். விண்டோஸும் ஒரு பெரிய கேமும் போட்டா 256 மூச்சு முட்டும். அந்த ரெண்டு காசையும் சேர்த்து 1 டிபி என்விஎம்இ ஒண்ணு. டிஎல்சி (ஒரு செல்லுல 3 பிட்) வகையா பாருங்க. கியூஎல்சி (4 பிட்) மலிவு, ஆனா முக்கால்வாசி நிரம்பினதும் எழுதுற வேகம் ஹார்ட் டிஸ்க் அளவுக்கு விழலாம். டிராம் (எஸ்எஸ்டி மேல இருக்கிற தனி மெமரிச் சிப்) இல்லாத மாடல் கேமுக்குத் தாராளம். பிசிஐஇ 3.0, 4.0 வித்தியாசத்துக்குக் கூடக் காசு கொடுக்காதீங்க, லோடிங்ல ஓரிரு நொடிதான். எம்.2-ன்னு எழுதினதெல்லாம் என்விஎம்இ இல்ல, சாட்டா எம்.2-ம் அதே உருவத்துல வரும், அதுக்கு ரெண்டு பள்ளம் இருக்கும்.

புதுக்குருவி | பதிவு 17

எல்லாம் சேர்த்து மாத்திட்டேன். ரைசன் 5 5600, அதோட வர்ற கூலர். பி550 மைக்ரோ ஏடிஎக்ஸ், ஃபிளாஷ்பேக் பட்டன் உண்டு. 8 ஜிபி ரெண்டு, 3200 சிஎல்16. ஆர்எக்ஸ் 6600. 1 டிபி என்விஎம்இ. 550 வாட், +12வி 45 ஆம்பியர். வலை கேபினட், மூணு ஃபேன். லிக்விட் கூலரும் கண்ணாடியும் போனதுல கணக்கு கிட்டத்தட்ட அதே இடத்துல நிக்குது. பூட்டும்போது எங்க கவனமா இருக்கணும்?

திருப்புளி | பதிவு 18

நல்ல லிஸ்ட். போர்டோட அட்டைப்பெட்டி மேலயே போர்டை வெச்சு ப்ராசஸர், ரேம், எஸ்எஸ்டி, கூலர் எல்லாம் மாட்டி, கார்டும் சொருகி ஒரு தடவை ஆன் பண்ணிப் பாருங்க. கேபினட்டுக்குள்ள போட்ட பிறகு தப்பைத் தேடுறது நரக வேலை.

ப்ராசஸர் மூலையில ஒரு சின்னத் தங்க முக்கோணம், சாக்கெட்லயும் அதே. ஏஎம்4-ல பின் எல்லாம் ப்ராசஸர்ல இருக்கு, தானா விழுந்து உக்காரணும், அழுத்தக் கூடாது.

கூலர்லதான் பலர் மாட்டிக்கிறாங்க. ரெய்த் ஸ்டெல்த்துக்கு நாலு ஸ்க்ரூ. அதுக்கு முன்னாடி போர்டுல ஏற்கெனவே இருக்கிற ரெண்டு பிளாஸ்டிக் தாங்கியைக் கழட்டணும். கழட்டின உடனே பின்னாடி இருக்கிற இரும்புத் தகடு பொத்துனு கீழே விழும். அதைத் தூக்கிப் போட்டுடாதீங்க, அதுலதான் ஸ்க்ரூ இறங்கணும், ஒரு கையால பிடிச்சுக்கணும். நாலு ஸ்க்ரூவையும் எதிரெதிர் மூலையா, ரெண்டு ரெண்டு சுத்தா இறுக்குங்க. ஒரே மூலையை முழுக்க இறுக்கினா மறுபக்கம் தூக்கிக்கும். பேஸ்ட் கூலர்லயே தடவி வரும், விரல் படாம பாத்துக்குங்க. பின்னாளில் கழட்டும்போது பத்து நிமிஷம் ஏதாவது ஓட்டிச் சூடாக்கி, ஆஃப் பண்ணி, கூலரை இடவலமா திருகி எடுங்க. நேரா இழுத்தா ப்ராசஸரும் கூடவே பிடுங்கிட்டு வந்து பின் வளைஞ்சிடும்.

ரேம் நாலு ஸ்லாட்னா ப்ராசஸர் பக்கத்துலேர்ந்து ரெண்டாவதும் நாலாவதும். முனையில ‘டக்’னு கேக்கணும்.

கேபினட்ல போர்டை இறக்கும் முன்ன ஸ்டாண்ட்ஆஃப் (போர்டைத் தாங்குற சின்னத் தூண்) எண்ணிக்கை பாருங்க. போர்டுல துளை இல்லாத இடத்துல ஒண்ணு நீட்டிக்கிட்டு இருந்தா பின்னாடி ஷார்ட் ஆகும். ப்ராசஸருக்கான 8 பின் கேபிளையும் போர்டு இறங்கும் முன்னாடியே மேல் மூலை வழியா இழுத்து வெச்சுடுங்க, பிறகு கை நுழையாது.

மின்னோட்டம் | பதிவு 19

ஆன் செய்ததும் ஃபேன் சுற்றியும் திரை வராவிட்டால்: மானிட்டர் கேபிள் போர்டின் எச்டிஎம்ஐ துளையில் இருக்கிறதா என்று பாருங்கள். 5600-ல் உள் கிராபிக்ஸ் இல்லை. கேபிள் கார்டில்தான் இருக்க வேண்டும். அடுத்து ப்ராசஸரின் 8 பின், கார்டின் 8 பின், பிறகு ஒரே ஒரு ரேம் ஸ்டிக்கோடு முயற்சி. போர்டில் சிறு விளக்குகள் நான்கு இருந்தால் எது எரிகிறது என்று பாருங்கள். குற்றவாளி யார் என்று அதுவே சொல்லிவிடும்.

நொடிக்கு144 | பதிவு 20

விண்டோஸ் போட்டதும் டிஸ்ப்ளே செட்டிங்ல 144-ஐக் கையால தேர்ந்தெடுங்க. அது தானா 60-லதான் நிக்கும். டிஸ்ப்ளே போர்ட் கேபிள் போடுங்க. விண்டோஸ் 11-ஐ யுஇஎஃப்ஐ (புது பயாஸ்) முறையில, பாதுகாப்பு வசதிகளான செக்யூர் பூட்டும் டிபிஎம்-மும் ஆன்ல வெச்சு இன்ஸ்டால் பண்ணுங்க. சில ஷூட்டரோட ஆன்டி சீட் (ஏமாத்துறவங்களைத் தடுக்கிற மென்பொருள்) அது ரெண்டும் இல்லாம உள்ளயே விடாது, பிறகு மாத்துறது தலைவலி.

சில்வண்டு | பதிவு 21

பயாஸ்ல எக்ஸ்எம்பி, ரீசைஸபிள் பார் ரெண்டையும் ஆன் பண்ணுங்க. ஜிபியூ-இசட்ல பஸ் இன்டர்ஃபேஸ் ‘எக்ஸ்8 4.0’ன்னு வரணும். சும்மா இருக்கும்போது மின்சாரம் மிச்சப்படுத்த 1.1-னு காட்டும், கேள்விக்குறியை அழுத்திச் சுமை கொடுத்துட்டுப் பாருங்க.

எஃப்பிஎஸ் குறைவா இருக்குன்னு தோணினா, ‘பாட்டில்நெக்’ சதவீதம் சொல்ற இணையதளங்களை நம்பாதீங்க. கேம்ல ரெண்டரிங் அளவைப் பாதியா குறைங்க. எஃப்பிஎஸ் துள்ளி ஏறினா கார்டுதான் எல்லை, செட்டிங்கைக் குறைக்கலாம். அசையாம நின்னா ப்ராசஸரோ ரேமோ. கார்டு மாத்தினாலும் பலன் இல்ல.

புதுக்குருவி | பதிவு 22

நன்றி எல்லாருக்கும். ஒரே ஒரு சந்தேகம். எக்ஸ்எம்பி ஆன் பண்ணின பிசி-யோட சிபியூ-இசட் (ப்ராசஸர், ரேம் விவரம் காட்டுற மென்பொருள்) படம் ஒண்ணு பார்த்தேன். மெமரி வேகம் 1600-னு இருக்கு. பாதி வேகத்துல ஓடுதா?

திருப்புளி | பதிவு 23

இல்ல, அது கடிகார வேகம். டிடிஆர் ஒரு துடிப்புக்கு ரெண்டு தடவை தரவு அனுப்பும், 1600-ன்னா 3200-தான். டாஸ்க் மேனேஜர்ல பார்த்தா நேரடியா 3200-ன்னே காட்டும். சிபியூ-இசட்ல 1066 இல்ல 1333-னு இருந்தாத்தான் எக்ஸ்எம்பி பிடிக்கலைன்னு அர்த்தம், திரும்ப பயாஸுக்குப் போங்க.